ஜனாதிபதிக்குப் பொதுமன்னிப்பு அதிகாரம் கொடுக்கும் அரசியலமைப்பின் உறுப்புரை 34 பற்றி எங்கள் ஆறு எம்.பி.க்களுக்கு

யாழ். தேர்தல் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கொடிகாமம் தாண்டி பஸ் மிருசுவிலுக்குள் நுழைந்தால் அம்மா இன்றைக்கும் கதையை நிறுத்திவிடுவார். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்திருந்த சனம் தங்கள் வீடுவளவைப் பார்த்துவர அங்கே போனது. எட்டுப் பேர் திரும்பவில்லை. அதில் ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது. மலசலகூடக் குழிக்குள் இருந்துதான் உடல்களை எடுத்தார்கள். ஒருவர் காயத்தோடு தப்பி வந்து சொன்னபடியால் வழக்கென்று ஒன்று நடந்தது.

2015 ஜூனில் இராணுவ சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் அதை உறுதிப்படுத்தினார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தோம். 2020 மார்ச் 26, கொரோனா ஊரடங்கு, கடைக்குக்கூடப் போக முடியாத நாள். அன்றுதான் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்த செய்தி போனில் வந்தது. தீர்ப்பு வர பதினான்கு வருடத்துக்கு மேல் போனது. அதை இல்லாமலாக்க ஒரு கையெழுத்துப் போதும்.

மரண தண்டனைக் கைதி என்றால் வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் சிபாரிசு எல்லாம் ஜனாதிபதிக்குப் போகவேண்டும் என்று உறுப்புரை 34 சொல்கிறது. அவற்றுக்கு அவர் கட்டுப்படவேண்டும் என்று சொல்லவில்லை. செத்தவர்களின் குடும்பத்தைக் கேட்கவேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவின் மன்னிப்பையும், ரோயல் பார்க் அடுக்குமாடியில் ஒரு இளம்பெண்ணைக் கொன்றவரின் மன்னிப்பையும் உயர் நீதிமன்றம் 2024இல் இரத்துச் செய்தது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது கொழும்புக்குப் போய் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலையவேண்டுமா?

அதற்காக அதிகாரத்தையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். 2018இல் கிளிநொச்சியில் மனைவியின் செத்தவீட்டுக்குக் கூட்டிவரப்பட்ட அரசியல் கைதியின் பின்னால் அவரது சின்ன மகள் சிறை வாகனத்தில் ஏறியதை எல்லாரும் பார்த்தோம். அவரை மன்னித்து விடுங்கள் என்று எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போனது! அன்றிருந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பேனா அசையவில்லை. பதவி முடியப்போகும் நேரத்தில் ரோயல் பார்க் கொலையாளிக்கு மன்னிப்பு எழுதியதும் அதே பேனாதான்.

நான் கேட்பது இவ்வளவுதான். மன்னிப்பு விண்ணப்பங்களை ஒரு சுயாதீனக் குழு பார்க்கட்டும். பாதிக்கப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். அதன் சிபாரிசு இல்லாமல் ஜனாதிபதி கையெழுத்திட முடியாமல் இருக்கட்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை மாதத்துக்குள் பதில் என்று தவணை வையுங்கள். கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை மூன்று மொழியிலும் வர்த்தமானியில் போடுங்கள்.

உங்களில் மூன்று பேர் ஆளும் தரப்பு. அரசியலமைப்பைத் திருத்த பாராளுமன்றத்தில் 150 வாக்கு வேண்டும். 2024 தேர்தலில் உங்கள் தரப்புக்குக் கிடைத்தது 159 ஆசனம். எண்ணிக்கை போதாது என்ற பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்பவேண்டாம்.

இப்படிக்கு,
தென்மராட்சி வாக்காளர் ஒருவர்