படம் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில், பைத்தான் நிரல்மொழியையும், அதில் விண்டோ, பட்டன் அமைக்க உதவும் டிகிண்டரையும் கொண்டு மேசைக் கணினிக்கு ஒரு போட்டோ செயலி எழுதும் பாடம் வெளிவந்திருந்தது. விண்டோ திறப்பது, பட்டன் வைப்பது, மெனு சேர்ப்பது எல்லாம் தெளிவாகவே இருந்தன. படம் வரும் இடத்தை மட்டும் நான்கே வரிகளில் முடித்துவிட்டார்கள். அந்த நான்கு வரிகளையும் அப்படியே அடித்து ஓட்டினால் படம் தெரியும். அதையே ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு 'படத்தைத் திற' பட்டனோடு இணைத்தால், படத்தின் அளவுக்கு ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் நிற்கும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. எதைத் திருத்துவது என்றே தெரியாமல் மாணவர்கள் கைவிடும் இடம் இதுதான்.

காரணம் எளியது. விண்டோவில் படத்தைக் காட்டும் லேபிள் என்ற உறுப்பு, படத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அதனிடம் இருப்பது அடகுச் சீட்டு மாதிரி, படத்தின் பெயர் மட்டுமே. ஃபங்ஷன் முடிந்ததும் அதற்குள் உருவான வேரியபிள்கள் போய்விடும். படத்தை வைத்திருக்கும் ஃபோட்டோஇமேஜ் என்ற பொருளைப் பிடித்துக்கொள்ள வேறு யாரும் இல்லாததால் பைத்தான் அதை நீக்கும். நீக்கும்போது, டிகிண்டருக்கு அடியில் திரையை வரையும் டிகே பக்கம் இருக்கும் படத்தையும் அழிக்கச் சொல்லிவிடும். டிகே அளவை மட்டும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் துடைத்துவிடுகிறது. அதனால்தான் கட்டம் இருக்கிறது, படம் இல்லை. லேபிளுக்கு இமேஜ் ஆப்ஷனைக் கொடுத்த பிறகு, லேபிள் டாட் இமேஜ் என்றொரு பண்பிலும் அதே படத்தைப் போட்டு வைத்தால் தீர்ந்தது. இரண்டு வரியும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. பல படங்களை லூப்பில் காட்டுவோர் ஒரு லிஸ்டில் சேர்த்து வைக்க வேண்டும். ஒரே வேரியபிளில் மாற்றி மாற்றிப் போட்டால் கடைசிப் படம் மட்டுமே மிஞ்சும்.

'பைஇமேஜ்1 இல்லை' என்று (பைஇமேஜ்1 என்பது படத்துக்கு இட்ட பெயர்) பிழை வந்தால், இரண்டாவது விண்டோவையும் முதல் விண்டோவைப் போலவே டிகே() என்ற கட்டளையால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டாவதை டாப்லெவல் என்ற கட்டளை கொண்டு திறக்க வேண்டும். கேன்வாஸ் என்ற வரைபரப்பில் 0, 0 என்ற புள்ளியில் வைத்த படத்தின் வலது கீழ்க் கால்பங்கு மட்டும் தெரிந்தால், ஆங்கரை, அதாவது படத்தின் எந்தப் பகுதி அந்தப் புள்ளியில் வர வேண்டும் என்பதைக் கொடுக்கவில்லை என்று பொருள். இயல்பாக அது படத்தின் நடுப்புள்ளியைத்தான் அந்த இடத்தில் வைக்கும். இடது மேல் மூலையைக் குறிக்கும் 'என்டபிள்யூ' மதிப்பைத் தர வேண்டும்.

பாடத்தில் அச்சான நிரலில் நேரடித் தவறு ஒன்றும் உண்டு. படத்தைச் சிறிதாக்க ஆன்டிஅலையாஸ் என்ற பெயரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். படங்களைக் கையாளும் பில்லோ என்ற பைத்தான் தொகுப்பின், 2023இல் வந்த 10ஆம் பதிப்பில் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள். லான்சோஸ் என்று மாற்றினால் ஓடும். இரண்டும் ஒரே வடிகட்டிதான். தம்ப்நெயில் என்ற கட்டளையைப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ரீசைஸ் புதிய படத்தைத் திருப்பித் தரும்; தம்ப்நெயில் இருக்கும் படத்தையே சுருக்கிவிட்டு எதையும் திருப்பித் தராது. அதன் விடையை அதே வேரியபிளில் வாங்கினால் படம் கையை விட்டுப் போய்விடும்.

இவை சில்லறைப் பிழைகள், தேடினால் விடை கிடைத்துவிடும். பாடத்தின் பெரிய குறை வேறு. திரையில் தெரியும் படத்தையே வெட்டவும் திருப்பவும் சேமிக்கவும் சொல்லியிருக்கிறார்கள். திரையில் இருப்பது பார்ப்பதற்கான சிறு பிரதி. வேலை நடக்க வேண்டியது மூலப் படத்தில்.

பாஸ்போர்ட் அளவுப் படம் வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். 4000க்கு 3000 பிக்சல் படம், 1000க்கு 600 பிக்சல் கேன்வாஸில் முழுதாகத் தெரிய வேண்டுமானால் 800க்கு 600 ஆகச் சுருங்கும். சுருக்கம் 5இல் ஒரு பங்கு. நடுவில் வைத்தால் இருபுறமும் 100 பிக்சல் காலி. பயனர் மவுஸால் 410, 120 என்ற புள்ளியிலிருந்து 620, 390 வரை கட்டம் இழுக்கிறார். முதலில் குறுக்கு எண்கள் (410, 620) இரண்டிலும் 100ஐக் கழிக்க வேண்டும், பிறகு எல்லாவற்றையும் 5ஆல் பெருக்க வேண்டும். மூலப் படத்தில் அது 1550, 600 முதல் 2600, 1950 வரை வரும். அதாவது 1050க்கு 1350 பிக்சல். 35க்கு 45 மி.மீ. படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட 413க்கு 531 பிக்சல் போதும். அதற்கு இது தாராளம். திரைப் பிரதியிலேயே வெட்டினால் கையில் கிடைப்பது 210க்கு 270தான். அதை ஏறக்குறைய இரட்டிப்பாக இழுத்துத்தான் 413 ஆக்க வேண்டும், முகம் மங்கலாகும். கழிக்க மறந்தாலோ, வெட்டு ஒரு பக்கமாகத் தள்ளிப்போய் ஒரு காது காணாமல் போகும். கிராப் கட்டளை கேட்பது இடது, மேல், வலது, கீழ் ஆகிய நான்கு எல்லைகளை. மூன்றாவது, நான்காவது எண்களாக அகலத்தையும் உயரத்தையும் கொடுப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரிலும் இதே சிக்கல்தான். வெள்ளைச் சட்டை மடிப்பில் அடுத்தடுத்து 240, 230 என்று இரண்டு பிக்சல்கள் இருப்பதாகக் கொள்வோம். 1.2 மடங்கு கூட்டினால் 288, 276 ஆக வேண்டும். ஆனால் உச்சம் 255. எனவே இரண்டுமே 255. திரும்ப அதே அளவு குறைத்தால் இரண்டும் 212 அளவில் நிற்கும். மடிப்பு போனது போனதுதான், ஸ்லைடரை எங்கே நகர்த்தினாலும் வராது. பெரிதாக்குவது, சாய்வைச் சரிசெய்வது எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆகவே மாற்றிய படத்தை மறுபடி மறுபடி மாற்றக் கூடாது. வெளிச்சம் 1.2, சாய்வு 3 டிகிரி, பெருக்கம் 0.2 என்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே புதிதாகக் கணக்கிட வேண்டும். இப்படி எழுதினால் 'முந்தைய நிலை' பட்டனுக்குத் தனி வேலையே கிடையாது, பழைய எண்களைத் திரும்பப் போட்டால் போதும்.

செல்போனில் நிமிர்த்தி எடுத்த படம் செயலியில் படுத்துக் கிடப்பது பற்றிப் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை. பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பைக் கோப்பிலேயே உள்ள எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் எழுதிவைக்கின்றன. விண்டோஸின் படம் பார்க்கும் செயலி அதைப் படித்துத் திருப்பிவிடும். பில்லோ தானாகத் திருப்பாது. படத்தைத் திறந்தவுடன், வேறு எதுவும் செய்வதற்கு முன், பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஜேபெக்காகச் சேமித்தால் அந்தக் குறிப்பும் போய்விடும், பிறகு எந்தச் செயலியில் திறந்தாலும் படம் படுத்தே இருக்கும்.

விண்டோவை இழுத்துப் பெரிதாக்கும்போது படமும் வளர வேண்டும் என்று, அளவு மாறும்போது கிளம்பும் கான்ஃபிகர் நிகழ்வில் எழுதுவோர் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். யாரும் தொடாமலே விண்டோ வளர்ந்துகொண்டே போகும். படம் லேபிளின் அளவுக்கு மாறும், லேபிள் தன் ஓரத்தையும் சேர்த்து இன்னும் சில பிக்சல் பெரிதாகும், அது மீண்டும் நிகழ்வைக் கிளப்பும். கேன்வாஸில் படத்தை வைத்தால் இந்தச் சுழற்சி இல்லை. இழுத்து முடித்த பிறகு 150 மில்லிநொடி பொறுத்து ஒரே முறை வரைய, தாமதித்து ஓட்டும் ஆஃப்டர் கட்டளையையும் அதை ரத்துசெய்யும் கட்டளையையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

முகத்தைத் தானே கண்டுபிடிக்க ஓப்பன்சிவி என்ற தொகுப்பைச் சேர்ப்பவர்களுக்கு: முகம் நீலம் பாரித்துத் தெரிந்தால் வண்ண வரிசை தலைகீழ் என்று பொருள். ஓப்பன்சிவி வண்ணங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்திருக்கும். பில்லோவுக்குக் கொடுக்கும் முன் மாற்ற வேண்டும். விண்டோஸில் 'படங்கள்' என்று தமிழில் பெயரிட்ட ஃபோல்டரிலிருந்து ஓப்பன்சிவியின் இம்ரீட் கட்டளையால் படம் எடுக்க முடியாமல் போவதுண்டு; நிரல் நிற்காது, படத்துக்குப் பதில் வெறுமைதான் வரும். எண் அணிகளைக் கையாளும் நம்பை தொகுப்பின் ஃப்ரம்ஃபைல் கொண்டு கோப்பைப் படித்து, ஓப்பன்சிவியின் இம்டிகோடுக்குக் கொடுத்தால் வேலை நடக்கும். பில்லோவுக்குத் தமிழ்ப் பெயர் ஒரு தொந்தரவே இல்லை.

நினைவகத்தையும் சொல்ல வேண்டும். கோப்பு 4 எம்பிதான் இருக்கிறதே என்று நினைத்து ஐம்பது படங்களைத் திறந்து வைத்தால் கணினி திணறும். 4000க்கு 3000 படம் விரிந்ததும் பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ஆகும், ஐம்பதுக்கு 2.4 ஜிபி. பட்டியலுக்குச் சிறு பிரதிகள் போதும், மூலத்தைத் தேர்ந்தெடுத்தபோது திறந்துகொள்ளலாம்.

விண்ணப்பங்களுக்கு இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கும்போது, ஜேபெக் தரத்தை 90இல் தொடங்கி ஐந்தைந்தாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் வட்டில் எழுதாமல், நினைவகத்திலேயே கோப்பு போல இருக்கும் பைட்ஸ்ஐஓவில் எழுதி அளவு பார்ப்பதே சுலபம். ஒளிபுகும் பின்னணியுள்ள பிஎன்ஜி படத்தை ஜேபெக்காகச் சேமிக்க முயன்றால் பில்லோ மறுக்கும். வெறுமனே ஒளிபுகும் தன்மை இல்லாத ஆர்ஜிபியாக மாற்றினால் பின்னணி பெரும்பாலும் கறுப்பாகிவிடும். வெள்ளைப் படம் ஒன்றை உருவாக்கி, பழைய படத்தையே மாஸ்க்காக (எந்தெந்த இடத்தில் ஒட்டுவது என்று காட்டும் படமாக) கொடுத்து அதன்மேல் ஒட்ட வேண்டும். சேமிக்கும்போது டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) 300 என்று குறிப்பிடாவிட்டால், அச்சிடும் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்ளும்.

அடுத்த பாடம் அச்சேறும் முன் லான்சோஸ் திருத்தத்தையும் லேபிள் டாட் இமேஜ் வரியையும் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சி.