ஆர்வம் இல்லாதவர்களா நாங்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்வாகனங்கள் பற்றிய தங்கள் ஞாயிறு கட்டுரையில், ‘உள்ளூர் மெக்கானிக்குகள் புதிய தொழில்நுட்பத்தைக் கற்க ஆர்வம் காட்டுவதில்லை’ என்று ஒரு வரி. ஈரோட்டில் இருபது வருடங்களுக்கும் மேலாகக் கார் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது மிகவும் வலித்தது.

பழைய கார்களில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டித் தொழில் பழகியவர்கள் நாங்கள். பெட்ரோலைக் கணினிக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ, டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் காமன் ரெயில், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி என்று வரிசையாக வந்த எல்லாவற்றையும் யூடியூப் பார்த்தும் பக்கத்துப் பட்டறையில் கேட்டும்தான் கற்றோம். எந்த வகுப்பும் எங்களைக் கூப்பிடவில்லை.

சமீபத்தில் ஓடும்போதே அணைந்துபோகும் கார் ஒன்று வந்தது. காரின் கணினியில் பதிவான பழுதைப் படிக்கும் ஸ்கேனர், இன்ஜின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. ஆனால் அந்தச் சென்சாரை வேறொரு பட்டறையில் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். எங்கள் பையன் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சென்சாரின் வயரை இடம் இடமாக அசைத்துப் பார்த்தான். பிராக்கெட்டில் உரசி உறை கிழிந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பத்தாவதுகூட முடிக்காத பையன் அவன். ஆர்வம் இல்லாமலா இதைக் கற்றான்?

ஈசிஎம் என்கிற இன்ஜின் கணினியை மாற்றினால், அது அந்தக் காரில் வேலை செய்ய சாஃப்ட்வேர் மூலம் கோடிங் போட வேண்டும். அந்த சாஃப்ட்வேர் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கிறது, எங்களுக்குத் தருவதில்லை. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்க வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே உத்தரவிட்டு, 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தங்களுக்குத் தெரியாததல்ல. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே!

நல்ல ஸ்கேனர் வாங்கக் கடன் கேட்டால், பட்டறைக்கு எதற்கு இவ்வளவு விலையில் கருவி என்று பேங்கில் திருப்பி அனுப்புகிறார்கள். வேலைக்கு ஆளும் கிடைப்பதில்லை. ஐடிஐ முடித்தவர்கள் ஷோரூமுக்குப் போகிறார்கள், பழகிய பையன்கள் டெலிவரி வேலைக்குப் போகிறார்கள். வண்டிகள் வாசலில் காத்து நிற்கின்றன.

தமிழகத்தில் 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் நவீனப்படுத்தியிருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் பகலில் பட்டறையைப் பூட்டிவிட்டு எங்களால் போய்ப் படிக்க முடியாது. அங்கே மாலை நேரத்தில், தமிழில், வேலை செய்பவர்களுக்கென்று வகுப்பு வைக்கச் சொல்லி எழுதுங்கள். அப்புறம், பயிற்சி அறிவிப்புகளை விண்ணப்பத் தேதி முடிவதற்கு முன்பே தங்கள் பத்திரிகையில் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கார் பட்டறை உரிமையாளர்,
ஈரோடு