பச்சை விளக்கை நம்பாதே

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம் என்றறிந்து மகிழ்ச்சி, இங்கும் நலமே. வாக்கிடாக்கிகள் இப்போது உன் பொறுப்பில் வந்துவிட்டனவா, நல்லது. சார்ஜரில் பச்சை எரிகிறது, பொத்தானை அழுத்திப் பேசினால் செட் அணைந்துவிடுகிறது என்கிறாய். செட்டைப் பிரிக்காதே, முதலில் பேட்டரியைப் பார்.

சும்மா இருக்கும்போது செட் 60 மில்லியாம்பியர் அளவுதான் இழுக்கும். 5 வாட்டில் பேசினால் ஒன்றரை ஆம்பியர். பழைய பேட்டரியின் உள்மின்தடை (பேட்டரிக்கு உள்ளேயே மின்சாரத்துக்கு இருக்கும் தடை) அரை ஓம் என்று வை, பேசும்போது முக்கால் வோல்ட் உள்ளேயே போய்விடும். பாதி தீர்ந்த பேட்டரியில் செட் அணைய அது போதும். பச்சை விளக்குக்கு இதெல்லாம் தெரியாது. சார்ஜ் ஏறி முடிந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது.

ஆகவே மின்சாரம் இழுக்கும் பளு ஒன்றை இணைத்து அளந்து பார். 7.4 வோல்ட் என்று எழுதியிருக்கும் லித்தியம் பேட்டரியை (முழுக்க ஏறினால் அதைவிடக் கூடுதலாகக் காட்டும்) முழுக்க ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிடு. 5 ஓம், 25 வாட் மின்தடையைப் பத்து விநாடி இணைத்து, பேட்டரியின் முனைகளிலேயே மல்டிமீட்டரை வை. (மின்தடை சுடும், கையில் பிடிக்காதே.) நல்ல பேட்டரி 8 வோல்ட்டை ஒட்டி நிற்கும். 7.5-க்குக் கீழே சரிந்தால் ஒதுக்கிவிடு. செட்டுக்கு மின்சாரம் தரும் முனைகளில் அளக்க வேண்டும். சார்ஜ் ஏற்றும் முனைகள் பல பேட்டரிகளில் தனியாக இருக்கும், நடுவே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடும் இருக்கலாம்.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடவும் முடியாது. 2000 மில்லியாம்பியர் மணி பேட்டரி, நேரத்தில் 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, மீதி ஓய்வு என்றால் சுமார் 14 மணி நேரம் வரும். பேச்சு 20, கேட்பு 10 என்று ஆனால் ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் குறைந்த பவர் போதுமே!

சார்ஜை முழுக்க இறக்கி ஏற்றும் பழக்கம் நிக்கல் வகைப் பேட்டரிக்கு மட்டும், அதுவும் எப்போதாவது. செல்லுக்கு 1 வோல்ட் வரை இறக்கினால் போதும்; ஆறு செல் பேட்டரிக்கு 6 வோல்ட். அதற்கும் கீழே போனால் பலவீனமான செல் துருவம் மாறிக் கெட்டுவிடும். லித்தியத்தில் இதைச் செய்தால் ஆயுள்தான் குறையும். நிக்கல் பேட்டரியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து எடுத்துச் சார்ஜரில் செருகுவதும் வேண்டாம், சூடேறிக் கெடும்.

ஏற்றும்போது செட் அணைந்திருக்கட்டும். செட் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருந்தால், எப்போது நிறுத்துவது என்று சார்ஜருக்குப் பிடிபடாது. வெயிலில் காய்ந்ததை ஆறவிட்டு ஏற்று. உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை ஏற்றவே கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும்.

மாதக்கணக்கில் வைக்கப்போகும் லித்தியத்தைப் பாதி சார்ஜில், 7.6 வோல்ட் அளவில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வை. நிக்கல் வகை கிடப்பிலேயே சார்ஜ் இழக்கும். எடுக்கும் முன் ஏற்றிக்கொள்.

முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடை. உப்புத்தாள் போட்டால் தங்கப்பூச்சு போய்விடும். உதிரி பேட்டரியைச் சாவி, சில்லறையோடு பையில் போட விடாதே. உப்பிய பேட்டரி கண்ணில் பட்டால் அன்றே விலக்கி, முனைகளில் டேப் ஒட்டி மறுசுழற்சிக்கு அனுப்பு.

ஒவ்வொன்றிலும் பயன்பாட்டுக்கு வந்த தேதியை எழுதி ஒட்டு. அளந்த வோல்ட்டுகளை அடுத்த கடிதத்தில் எழுது, எவை தேறும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்