என்னைத் தனியே விடாதவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும்,

என் மகளுக்கு அடுத்த மாதம் ஒரு வயது முடிகிறது. அவள் பிறந்த பிறகு எனக்கு வந்த மனச்சோர்விலிருந்து நன்றாகத் தேறிவிட்டேன் என்று போன வாரம் டாக்டர் சொன்னார். இனி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். வீட்டுக்கு வரும் வழியிலேயே இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. யார் பெயரையும் போடவில்லை. உங்களில் பாதிப் பேர் அரசு வேலையில் இருக்கிறீர்கள். கேட்டபோது "என் வேலையத்தானம்மா செஞ்சேன், பேரெல்லாம் எதுக்கு" என்று தடுத்துவிட்டீர்கள். சரி, பெயர் வேண்டாம். செய்ததைச் சொல்லாமல் மட்டும் இருக்க முடியாது.

உங்களில் ஒருவர்கூட "எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகுதான் நகர்ந்தீர்கள். நான் பிழைத்தது அதனால்தான்.

முதலில், எங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு.

பிள்ளை பெற்ற வீட்டுக்கு 42 நாளுக்குள் நீங்கள் பல முறை வர வேண்டும் என்பது முறை. குழந்தையின் எடை, தொப்புள், மஞ்சள் காமாலை, பால் குடிப்பது, எனக்கு உதிரப்போக்கு எப்படி, தையல் ஆறிவிட்டதா, இரும்புச்சத்து மாத்திரை போடுகிறேனா, இதையெல்லாம் பார்த்துத் தாய் சேய் அட்டையில் எழுதினால் உங்கள் வேலை முடிந்தது. நல்ல வெயில் நேரம் வேறு; உங்களுக்கு இன்னும் நாலைந்து வீடு பாக்கி இருந்தது. அட்டையை மூடி வைத்துவிட்டு, "குழந்த தூங்கறப்போ உனக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டீர்கள்.

வரவில்லை. தூளியில் அவள் அசையாமல் கிடக்கும்போதுதான் எனக்குப் பயம் கூடும். மூக்கில் விரல் வைத்து மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்துவிட்டுப் படுத்தால் மறுபடி எழுந்து பார்க்கத் தோன்றும். பால் கட்டி மார்பு வலிக்கும். ஆனாலும் அவளைத் தூக்கக் கை வராது, கீழே போட்டுவிடுவேனோ என்று நடுங்கும். நான் இல்லாவிட்டால் இவளை வேறு யாராவது நன்றாக வளர்ப்பார்கள் என்ற நினைப்பு விடியற்காலையில் வரும். இதில் எதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று உங்களிடமும் "இல்லக்கா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காக நீங்கள் அத்தனை நேரம் உட்கார்ந்தீர்கள். என் அம்மாவைக் காப்பி போடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினீர்களே, நான் வாய் திறக்கட்டும் என்றுதான் அனுப்பினீர்கள் என்று பிறகு புரிந்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பதை மனநல மருத்துவர் விளக்கினார். குழந்தை அழுது தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் உண்டு. குழந்தையும் தூங்கி, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்து, அப்போதும் தாய்க்குக் கண் மூட முடியவில்லை என்றால் கவனிக்க வேண்டும். பிரசவமாகி மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நடப்பதுதான். அது இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எனக்கு ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை. "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உண்மையில் ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. வளைகாப்பு அன்று கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அப்போது பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் சொன்னேன். "ஊர்ல யாரும் புள்ள பெக்கலையா?" என்று சிரித்தார்கள். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 100க்குச் சுமார் 16 பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் சுமார் 20 பேருக்கும் மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு ஸ்கேனுக்குக் காத்திருந்த பெண்களிலும் எனக்கு நேர்ந்தது நேர்ந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களிடமும் யாராவது கேட்டார்களா என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

அக்கா, மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் நாளை நீங்கள்தான் சொன்னீர்கள். சொன்னதோடு விடாமல் முன்கூட்டியே போன் செய்து வைத்தீர்கள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியா?" என்று அம்மா பதறியபோது, "தைராய்டு பாக்கப் போற மாதிரிதான்மா இதுவும்" என்றீர்கள். டாக்டர் உண்மையிலேயே தைராய்டு பரிசோதனையும் எழுதினார். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே காட்டும் என்பதால் அதையும் பார்த்துவிட வேண்டுமாம்.

அடுத்து, அந்தக் குழுவின் உளவியலாளருக்கு.

நீங்கள் தமிழில் அச்சிட்ட பத்துக் கேள்விகளை எடுத்து வைத்தீர்கள். கடந்த 7 நாளில் எப்படி இருந்தேன் என்று மட்டும் யோசித்துச் சொல்லச் சொன்னீர்கள். சிரிக்க முடிகிறதா, நடக்கப்போவதை ஆவலோடு எதிர்பார்க்கிறேனா, காரணமில்லாமல் என்னையே குறை சொல்லிக்கொள்கிறேனா, பயமாக இருக்கிறதா. என் மனசுக்குள் இருந்தது யாரோ எனக்கு முன்னாலேயே எழுதி வைத்ததுபோல அந்தத் தாளில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், இது வேறு பெண்களுக்கும் வருகிற ஒன்று என்று எனக்கு உறைத்தது.

பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வருகிறதா என்பது. "எப்போதாவது" என்று சொன்னேன். நீங்கள் பதறவில்லை. கதவைத் திறந்து என் அம்மாவைக் கூப்பிடவும் இல்லை. எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்கிறாய், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். கேட்ட பிறகு, வீட்டில் யாரிடம் இதைச் சொல்லலாம் என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னீர்கள். நான் என் கணவரைச் சொன்னேன். அன்று சாயங்காலமே அவர் திருப்பூரிலிருந்து பஸ் ஏறிவிட்டார்.

அந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவர்களுக்கும் நன்றி சொல்ல விரும்புகிறேன். அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோல். ஸ்காட்லாந்தில் ஜான் காக்ஸ், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்ற மூவரும் 1987இல் வெளியிட்டது. அசதி, பசி, உடல் எடை போன்ற கேள்விகளை அவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் அதெல்லாம் மாறித்தான் இருக்கும். பெண்களின் அன்றாட நிலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அப்படி யோசிக்கத் தெரியும். வீடு தேடிப் போகும் செவிலியர்கள் கொஞ்சம் பயிற்சி பெற்று உட்கார்ந்து பேசினாலே பல தாய்மார் தேறுகிறார்கள் என்பதையும் இதே மூவர் 1989இல் காட்டினார்கள். பிறகு பாகிஸ்தானில், ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், அதிஃப் ரஹ்மானும் அவர் குழுவினரும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்கே அந்தப் பயிற்சியைக் கொடுத்தார்கள். கர்ப்பத்திலேயே மனச்சோர்வு இருந்த பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் வந்து பேசிய பெண்களில், குழந்தைக்கு ஆறு மாதமானபோது 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. வழக்கமான சந்திப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 53 சதவீதம். 2008இல் வெளிவந்த ஆய்வு இது. செவிலியர் அக்கா, இதை உங்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். "நான் என்ன பெருசா செஞ்சேன், பேசிக்கிட்டுத்தான இருந்தேன்" என்றீர்கள். அந்தப் பேச்சுதான் மருந்து.

மனநல மருத்துவருக்கு. மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமோ என்றுதான் நான் முதலில் கேட்டேன். வேண்டாம் என்றீர்கள். எனக்கு எழுதிய செர்ட்ராலின் என்ற மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே போகும், பால் கொடுக்கும் தாய்மாருக்கு உலகம் முழுவதும் எழுதிக் கொடுக்கும் மருந்து என்று பொறுமையாகச் சொன்னீர்கள். பலன் தெரிய சில வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நீயாக நிறுத்தக் கூடாது என்று என் கணவரையும் உட்கார வைத்துச் சொன்னீர்கள். இரவில் குறைந்தது நாலைந்து மணி நேரம் நான் ஒரேயடியாகத் தூங்க வேண்டும், அதற்கு வீட்டில் யார் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தீர்கள். சிகிச்சையில் பாதி அதுதான் என்பது என் எண்ணம்.

மனநல உதவி எண்ணான 14416இல் பேசிய தங்கைக்கு. குரலை வைத்துத்தான் தங்கை என்கிறேன். மாத்திரை தொடங்கிய புதிதில் ஒரு நடு இரவில் அழைத்தேன். டெலி மானஸ் என்ற அந்த இலவசச் சேவை 2022 அக்டோபர் 10ஆம் தேதி, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. இருபத்து நாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். எண்ணை உளவியலாளர் தாய் சேய் அட்டையின் பின்பக்கம் எழுதித் தந்திருந்தார். நான் அழுது முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசவில்லை. பேச்சை முடிக்கும் முன், பக்கத்து அறையில் இருக்கும் என் கணவரை எழுப்பச் சொன்னீர்கள். எழுப்பிவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் விடைபெற்றீர்கள்.

இனி வீட்டார்.

அம்மா, பூண்டும் பால்சுறாவும் லேகியமுமாக நீ பத்தியம் பார்த்தாய். அதைவிடப் பெரிய விஷயம், டாக்டர் சொன்ன அன்றிலிருந்து இரவு முதல் ஜாமத்தை நீயே எடுத்துக்கொண்டாய். கறந்து வைத்த பாலைப் பாலாடையில் புகட்டி, என்னை எழுப்பாமல் அவளைத் தூங்க வைத்தாய். அப்பா, மத்தியானத் தூளி உங்களுடையது. நீங்கள் பாடிய பாட்டில் ஒரு வரிகூடச் சரியான ராகத்தில் இல்லை. அவள் உங்களிடம்தான் சீக்கிரம் தூங்கினாள்.

என் கணவருக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அத்தை, உங்கள் உறவில் ஒருவர் காத்துக் கருப்பு அடித்திருக்கும், கோடங்கியிடம் காட்டலாம் என்றார். நீங்கள் சண்டை போடவில்லை. எனக்குத் திருநீறு பூசிவிட்டு, "சாமி கும்புடறது சாமி கும்புடறது, மாத்திரை மாத்திரை" என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

அம்மாச்சி, உன்னிடம் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா என்று எல்லோரும் யோசித்தபோது, "இன்னைக்கே போங்க" என்று அதட்டியது நீதான். உன் அக்கா ஒருத்திக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஜன்னி கண்டது, தூங்காமல் இரவெல்லாம் பேசினாள், யாரோ குழந்தையைப் பறிக்க வருவதாகச் சொன்னாள், அறையில் போட்டுப் பூட்டினார்கள், குழந்தையை வேறு வீட்டில் வளர்த்தார்கள் என்றெல்லாம் அன்று இரவுதான் சொன்னாய். அதற்கு முன் அந்தப் பெரியம்மாச்சியைப் பற்றி வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நீ சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். பிரசவத்தை ஒட்டி வரும் மனப்பிறழ்வாக இருந்திருக்கலாம் என்றார். 1000 பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும், உடனே மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டிய அவசர நிலை, ஆனால் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்றார். எனக்கு வந்தது அது இல்லை. உன் அக்காவைப் பூட்டி வைத்தவர்களிடம் சொல்ல யாருக்கும் இது தெரியாமல் போயிற்று.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் ஒன்றாகவே வைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவை 2009இல் தொடங்கினார்கள். அதை வளர்த்தெடுத்த மருத்துவர் பிரபா சந்திராவுக்கும் அவருடைய குழுவினருக்கும் அம்மாச்சி சார்பில் நன்றி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று எழுதியவர்களுக்கும் நன்றி. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே விலக்கு. இப்படிப்பட்ட பிரிவு ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெங்களூருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக எல்லோராலும் முடியாது.

எதிர்வீட்டு அக்கா, நீங்கள் வரும்போதெல்லாம் நேரே கொல்லைப்பக்கம் போய் ஊறிக்கிடந்த துணியை அலசிப் போட்டுவிட்டுத்தான் குழந்தையைப் பார்க்க உள்ளே வருவீர்கள். "என்ன, இளைச்சுட்டே" என்று ஒருநாளும் கேட்டதில்லை. மறக்க மாட்டேன்.

அடுத்த மாதம் குலதெய்வக் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறோம். செவிலியர் அக்கா, உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பத்திரிகையை நானே கொண்டுவந்து தருகிறேன். உளவியலாளரும் டாக்டரும் வர முயற்சி செய்யுங்கள். 14416 தங்கைக்கு மட்டும் எப்படிப் பத்திரிகை அனுப்புவது என்று தெரியவில்லை. இதைப் படித்தால் நீங்களும் வந்துவிடுங்கள். பாப்பாவை உங்கள் எல்லோருடைய மடியிலும் ஒரு தரம் உட்கார வைக்க வேண்டும்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா