தவளையையும் ஆமையையும் விடாமல் எண்ண வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புலியையும் யானையையும் எண்ணினால் செய்தியாகிறது. தவளையை எண்ணுபவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை. இருவாழ்விகளில் 100-க்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வந்த உலக மதிப்பீடு சொல்கிறது. ஆமைகளில் பாதிக்கும் மேல்.

ஆமை ஆராய்ச்சி பொறுமை கேட்கும் வேலை. ஓட்டின் விளிம்பில் சின்ன அடையாளம் வெட்டியோ, தோலுக்கடியில் அரிசி அளவு சிப் வைத்தோ விட்டுவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் அதே ஆமைகளைத் திரும்பத் திரும்பப் பிடித்து அளக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில் பிளாண்டிங் ஆமைகளை 1950-களிலிருந்து பின்தொடர்ந்ததால்தான், அவை முதல் முட்டை இடவே 14 முதல் 20 வருடம் ஆகிறது, 70 வயதைத் தாண்டியும் முட்டையிடுகின்றன என்பதெல்லாம் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒரு தாய் ஆமை சாலையில் அடிபட்டால் அந்த இடத்தை நிரப்ப எவ்வளவு காலம் ஆகும், பாருங்கள். மூன்று வருட நிதியில் நடக்கும் ஆய்வின் கண்ணில் இது படவே படாது.

தவளை கதை வேறு. தவளைகளின் தோலைத் தாக்கிக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையை 1990-களின் கடைசியில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் சில இனங்கள் போயே விட்டன. இன்று குளத்து நீரில் கலந்த மரபணுவை வைத்தும், இரவெல்லாம் தவளைச் சத்தத்தைப் பதிவு செய்யும் கருவியை வைத்தும் தேடுகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் அவை இனம் இருக்கிறதா என்று சொல்லும், எத்தனை வயது, குஞ்சு பிழைத்ததா என்று சொல்லாது. அதற்கு ஆள் இறங்கித்தான் பார்க்க வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அரிய ஆமை தென்பட்டதாகச் செய்தி போடும்போது இடத்தின் பெயரைத் தயவுசெய்து போடாதீர்கள், கடத்துபவர்களும் பத்திரிகை படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்