லேபில் நோட்பேட் போதும் என்கிற பேராசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய கணினித் துறைப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். ஜாவா மொழியில் புரோகிராம் எழுதும் வேலை பார்ப்பவன் நான். போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரி லேபில் இரண்டாம் ஆண்டு மாணவர்களோடு ஒரு நாள் இருந்தேன். எல்லாத் திரையிலும் நோட்பேட், பக்கத்தில் கறுப்புக் கமாண்ட் விண்டோ. ஐடிஇ, அதாவது புரோகிராமை எழுதவும் ஓட்டவும் பிழை தேடவும் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் மென்பொருள், கொடுத்தால் பிள்ளைகளுக்கு அடிப்படை வராது என்றார்கள் அங்கிருந்த பேராசிரியர்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அங்கே நான் பார்த்தது வேறு.

ஐந்து பாட மதிப்பெண்களைக் கூட்டும் புரோகிராமோடு ஒரு பெண் அரை மணி நேரமாகப் போராடிக்கொண்டிருந்தாள். கம்பைல் ஆகிறது, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஓடவிட்டால் அர்ரே (மதிப்பெண்களை வரிசையாக வைத்திருக்கும் பட்டியல்) எல்லை தாண்டிவிட்டது என்று எரர். நாலைந்து இடத்தில் பிரிண்ட் போட்டும் பார்த்துவிட்டாள். என் லேப்டாப்பில் எக்லிப்ஸ் என்ற ஐடிஇயைத் திறந்து, திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் பிரேக்பாயிண்ட் (ஓட்டம் நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்தச் சொன்னேன். ஓரத்தில் லூப்பை எண்ணும் ஐ-யின் மதிப்பு 0, 1, 2 என்று ஏறியது. 4 வந்தது. அப்புறம் 5. "சார், நாலோட நின்னிருக்கணுமே!" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே லூப் எதுவரை ஓட வேண்டும் என்ற கண்டிஷனில் (<=) இருந்த சமக்குறியை அழித்தாள். அர்ரே பூஜ்யத்தில் தொடங்குகிறது, ஐந்து இடம் என்றால் நான்கோடு முடிகிறது என்பதை அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள். அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள்.

உங்களில் பலர் போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி-யின் நீலத் திரையில் சி மொழி படித்தவர்கள். கண்ட்ரோல் எஃப்9 அடித்து ஓட்டி, ஆல்ட் எஃப்5-இல் விடை பார்த்திருப்பீர்கள். அதுவும் ஐடிஇதான். எஃப்7 அடித்தால் வரி வரியாகப் போகும். அதே போர்லாண்ட் 1983-லேயே பாஸ்கல் மொழிக்கான டர்போ பாஸ்கலில் எடிட்டரையும் கம்பைலரையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்தது இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

முதல் இரண்டு வாரம் நோட்பேடில் எழுதி, கையால் கம்பைல் செய்யட்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய அது வேண்டும். அதன் பிறகு ஐடிஇக்கு மாற்றுங்கள். பாதி எழுதும்போதே மீதியை நிரப்பிவிடும் என்று பயமிருந்தால், அந்த வசதியை அணைத்து வைக்கலாம். எக்லிப்ஸ் கனம் என்றால் ப்ளூஜே என்ற ஐடிஇ இருக்கிறது. ஜாவா புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே செய்தது. பைத்தான் மொழிக்கு எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் உருவான தானி (Thonny) என்ற ஐடிஇ. எல்லாமே இலவசம்.

சரி, ஒரேயடியாக மாற்ற முடியாது என்றால், இந்தப் பருவத்தில் ஒரே ஒரு லேப் வகுப்பை டீபக்கருக்கு, அதாவது அந்தப் பெண் செய்தது போல வரி வரியாக ஓட்டிப் பிழை தேடும் கருவிக்கு, ஒதுக்குங்கள். கூப்பிட்டால் நானே வந்து மாணவர்களோடு உட்காருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்