சொண்டைத் தூக்கிப் பார், பிள்ளை

கொக்குவில்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இஞ்சை சுகம். அம்மாவின்ரை முழங்கால் உளைவும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமை நீ கதைக்கேக்கை லைன் விட்டு விட்டு வந்ததாலை, உன்ரை நாய் கோகோவின்ரை பல்லைப் பற்றி நான் சொல்ல நினைச்சதை முழுக்கச் சொல்ல ஏலாமல் போச்சு. அதுதான் ஆறுதலா இருந்து எழுதிறன்.

மயக்க மருந்து குடுத்துப் பல்லுத் துப்பரவாக்க வேணும் எண்டு உங்கடை மிருக வைத்தியர் சொன்னவர் எண்டாய். மயிர் வெட்டுற இடத்திலை மயக்காமலே சுரண்டி விடலாம், காசும் குறைவு எண்டு சொல்லுகினம் எண்டாய். ரொறன்ரோவிலை ஆக்கள் என்ன செய்யினமோ, நீ வைத்தியர் சொன்னதைச் செய், பிள்ளை. இந்த மாதம் எங்களுக்கு அனுப்பிற காசை அனுப்ப வேண்டாம், அதை இதுக்கு வை. அம்மாவும் இதைத்தான் சொல்லுறா.

ஏன் இவ்வளவு உறுதியாச் சொல்லுறன் எண்டால், கண்ணுக்குத் தெரியிற காவியாலை வாறது பாதி வருத்தம்கூட இல்லை. சாப்பிட்ட பிறகு பல்லிலை ஒரு வழுவழுப்பான ஊத்தை படியும். ரண்டு மூண்டு நாளிலை துப்பலிலை இருக்கிற உப்புகள் சேர்ந்து அதைக் கல்லாக்கிப் போடும், அதுதான் காவி. நாயின்ரை துப்பல் எங்கடையைவிடக் காரத்தன்மை கூடினது. அதாலை நாய்க்குச் சூத்தைப் பல்லு வாறது குறைவு, ஆனால் காவி கெதியாக் கட்டும். அந்தக் காவிக்குப் பின்னாலை கிருமி, பல்லைச் சுத்தியிருக்கிற முரசுக்குக் கீழை இறங்கி, பல்லைப் பிடிச்சு வைச்சிருக்கிற சதையையும் எலும்பையும் அரிக்கும். மூண்டு வயசு கடந்த நாய்களிலை கனக்கவுக்கு இது ஏதோ ஒரு அளவிலை இருக்கு. கோகோ மாதிரிச் சின்னச் சாதிக்கு இன்னும் மோசம். பெரிய நாய்க்கு இருக்கிற அதே 42 பல்லும் அந்தச் சின்ன வாய்க்குள்ளை நெருக்கிக்கொண்டுதானே நிக்குது.

மயக்காமல் மேலாலை சுரண்டிறது, தோட்டத்திலை கோரைப்புல்லைச் செருக்கிப்போட்டுக் கிழங்கை நிலத்துக்குள்ளை விடுறது மாதிரி. பல்லு வெள்ளையாத் தெரியும், நீயும் சந்தோசப்படுவாய், உள்ளுக்கை அழுகிறது அழுகிக்கொண்டே இருக்கும். முழிப்பிலை இருக்கிற நாய், முரசுக்குக் கீழை ஆயுதம் வைக்க விடாது. சுரண்டின பல்லை மினுக்கி வழுவழுப்பாக்காமல் விட்டால் அந்தச் சொரசொரப்பிலை ஊத்தை இன்னும் கெதியாப் பிடிக்கும்.

எங்கடை வீட்டு நாய் ஜிம்மிக்கு நடந்ததை உனக்கு வடிவாச் சொன்னனாங்களோ தெரியேல்லை. போன வருசம் அவனுக்கு வலது கண்ணுக்குக் கீழை வீங்கினது. குளவி குத்தியிருக்கும் எண்டு பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா. மருந்துக்கு வத்தினது, பிறகு அதே இடத்திலை திரும்ப வீங்கினது. ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போய்க் காட்டினால், அந்த டொக்டர் பெடியன் கண்ணைப் பார்க்கேல்லை, நேரை சொண்டைத் தூக்கினான். பேராதனையிலை படிச்சிட்டு வந்தவன், நல்ல கைப்பக்குவம். மேல் கொடுப்பிலை எல்லாத்திலும் பெரிய பல்லு ஒண்டு இருக்கு, இறைச்சியைக் கத்திரிக்கிற பல்லு. அதிலை மேலை இருந்து கீழை ஒரு சிம்பு கழண்டு, நடுவிலை மண்ணிறப் புள்ளி ஒண்டு தெரிஞ்சுது. அது பல்லின்ரை உயிர்ப்பகுதி செத்த இடமாம். அந்தப் பல்லின்ரை வேர் கண்ணுக்குக் கீழை வரைக்கும் போறதாலைதான் சீழ் அங்கை வந்து வீங்கிறது. மூண்டு வேர். மயக்கி, பல்லை மூண்டாப் பிளந்துதான் எடுத்தவன். எடுத்ததை ஒரு தட்டிலை வைச்சு எனக்குக் காட்டினவன், ஒரு வேரின்ரை நுனி கறுத்துப் போயிருந்தது.

அவ்வளவு நோவோடையும் ஜிம்மி ஒரு நாளும் சோறு வேண்டாம் எண்டு விட்டதில்லை. ஒரு பக்கத்தாலை மட்டும் சப்பினவன், இடைக்கிடை உருண்டை வாயாலை விழும், அவ்வளவுதான். அதாலை, சாப்பிடுது தானே எண்டு நினைச்சு இருந்திடாதை. நாய் நோவைக் காட்டிற சாதி இல்லை. வாய் மணக்கிறது, துப்பல் கூட வடியிறது, முகத்தைக் காலாலை தேய்க்கிறது, முரசு ஓரம் சிவந்து கிடக்கிறது, இதுகளைப் பார். நாயெண்டால் வாய் மணக்கும்தானே எண்டு நீ சொன்னாய். சுகமான நாயின்ரை வாய் அப்பிடி மணக்காது, பிள்ளை.

ஒபரேசனுக்குப் பயப்பிடிறாய் எண்டு எனக்கு விளங்குது. பயத்தை அந்த வைத்தியரிட்டையே கேள்வியாக் கேள். முதலே இரத்தம் எடுத்து ஈரல், சிறுநீரகம் பார்ப்பினமோ, தொண்டைக்குள்ளை குழாய் வைப்பினமோ (பல்லுக் கழுவிற தண்ணியும் ஊத்தையும் சுவாசப்பைக்குள்ளை போகாமல் இருக்கிறது அதாலைதான்), மயக்கத்திலை இருக்கேக்கை பக்கத்திலை நிண்டு பார்க்கிறதுக்கெண்டு ஒராள் இருக்கோ, குளிராமல் சூடாக்கி வைப்பினமோ, பல்லுக்கு எக்ஸ்றே எடுப்பினமோ. சின்ன நாய் மயக்கத்திலை கெதியாக் குளிர்ந்து போகும். எக்ஸ்றே இல்லாட்டி வேரின்ரை நிலை ஒருத்தருக்கும் தெரியாது. இதுக்கெல்லாம் ஓம் எண்டு மறுமொழி வந்தால் நம்பி விடு.

துப்பரவாக்கினாப் பிறகுதான் உன்ரை வேலை துவங்குது. ஒவ்வொரு நாளும் மினுக்க வேணும். கிழமைக்கு ஒருக்கா மினுக்கினால் அதுக்கிடையிலை ஊத்தை கல்லாகிப் போடும். நான் ஜிம்மிக்கு இராச்சாப்பாடு முடிஞ்சு விறாந்தையிலை இருந்து செய்யிறன், நல்லூர்த் திருவிழா நாளிலையும் கோயிலாலை வந்து கால் கழுவின கையோடை செய்யிறன். முதல் கொஞ்ச நாள் பிறஷ் கொண்டு போகாதை. விரலிலை ஈரத்துணியைச் சுத்தி, சொண்டை மட்டும் தூக்கி, வெளிப்பக்கத்தை மெல்லத் தடவு. வாயைப் பிளக்கத் தேவையில்லை, உள்பக்கத்தை நாக்குப் பார்த்துக்கொள்ளும். பழகின பிறகு சின்னப்பிள்ளையளின்ரை மெத்தையான பிறஷை முரசும் பல்லும் சேருற இடத்திலை சரிச்சுப் பிடிச்சுச் சின்ன வட்டமாத் தேய். மேல் கொடுப்புப் பல்லிலை கூட நேரம் நில், துப்பல் வந்து விழுறது அங்கைதான், காவியும் அங்கைதான் கூட. முடிய ஒருக்கா தடவிக் குடு. கோகோ உறுமினால் அண்டைக்கு விட்டிட்டு அடுத்த நாள் செய், மல்லுக்கட்டாதை.

உங்கடை பற்பசையை மட்டும் ஒரு நாளும் பாவியாதை. நாய் துப்பாது, விழுங்கும். சீனி இல்லாத பற்பசையிலும் சுவிங்கத்திலும் சில வேர்க்கடலைப் பசையிலும் சைலிற்றோல் எண்ட இனிப்புச் சேர்க்கினம். அது நாய்க்கு நஞ்சு. இரத்தத்திலை இருக்கிற சீனியைச் சடாரெண்டு இறக்கும், ஈரலையும் கெடுக்கும். உன்ரை கைப்பையிலை எப்பவும் சுவிங்கம் கிடக்கும், அதைக் கோகோவுக்கு எட்டாத இடத்திலை வை. அங்கை கோழி ருசியிலை நாய்க்கெண்டே பற்பசை விக்குது, அதை வாங்கு. நான் இஞ்சை வெறும் தண்ணியிலை நனைச்சுத்தான் தேய்க்கிறன், தேய்க்கிறதுதான் முக்கியம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி எண்டது எங்களுக்கு. வேப்பங்குச்சியும் உப்பும் கரியும் அதின்ரை வாயிலை வைக்கப் போகாதை, அம்மம்மா சொன்னாலும்.

சப்பக் குடுக்கிற சாமானிலை வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கோ எண்டு பார், ஊத்தையோ காவியோ குறையுது எண்டு காட்டின சோதனையளைப் பார்த்து, மிருகங்களின்ரை பல்லுச் சுகத்துக்கான சபை ஒண்டு குடுக்கிற முத்திரை அது. பெருவிரல் நகத்தாலை அமத்தினால் பள்ளம் விழாத எதுவும் பல்லுக்குக் கூடாது. ஜிம்மியின்ரை பல்லு உடைஞ்சது ஆட்டுத் தொடையெலும்பிலை. அவிச்ச எலும்பு சிம்பாகிக் குடலையும் கிழிக்கும்.

இன்னுமொண்டு. இஞ்சை வரேக்கை றோட்டு நாயளின்ரை வாயை இப்பிடித் திறந்து பார்க்கப் போகாதை, உனக்கு இரக்கம் கூட. துப்பல் வடிஞ்சு, நாடி தொங்கி, விழுங்க ஏலாமல் நிக்கிற நாய்க்குப் பல்லு வருத்தமா இல்லாமல் விசராயும் இருக்கலாம். ஜிம்மிக்கு வருசா வருசம் ஊசி போடுறபடியாத்தான் நான் துணிஞ்சு கை வைக்கிறன்.

திகதி கிடைச்ச உடனை சொல்லு. முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் பிறகு சாப்பாடு குடுக்கக் கூடாது எண்டும், பிறகு எத்தனை நாளுக்கு மெத்தையான சாப்பாடு எண்டும் எழுதி வாங்கு. சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது எண்டு தெரியாட்டி அம்மாவைக் கேள், ஜிம்மிக்குக் கோழி அவிச்சு மசிச்சுக் குடுத்தவ அவதான்.

அன்புடன்,
அப்பா